பொலிக்குதிரை விளம்பரத்தின் கீழ்வரிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் குடியேற்றங்களில் வெளிவந்த கிராமப்புறப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால், ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் பொலிக்குதிரை விளம்பரங்கள் பந்தி பந்தியாக நிற்கக் காணலாம். பூமியின் தென்பாதியில் அது வசந்தத்தின் தொடக்கம். பெட்டைக் குதிரைகள் பருவத்துக்கு வரும் காலம். அந்நாடுகளின் தேசிய நூலகங்கள் இப்பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதால் இன்று எவரும் அவற்றை வாசிக்கலாம். குதிரைக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கக்கூடும். வளர்ப்பு விலங்கின் இனத்தை மேம்படுத்தித் தருவதாகச் சொல்லி ஒருவர் இன்னொருவரிடம் பணம் வாங்கும்போது, காரியம் பிழைத்தால் நட்டம் யார் தலையில் விழும் என்பது அந்த விளம்பரங்களில் ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வி எமக்கும் உரியதே.

விளம்பரத்தின் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. உச்சியில் ஒரு குதிரைப் படம். சிறிய அச்சகங்களில் குதிரைக்கென்று இருந்தவை ஓரிரு அச்சுக்கட்டைகளே. ஆகவே பல குதிரைகளுக்கு ஒரே படம் பொருந்தி நின்றது. படத்தை நம்பி எவரும் தமது பெட்டையைக் கொண்டு சென்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம். படத்தின் கீழே பெயர், நிறம், வயது, உயரம். உயரத்தைக் கையளவில் சொல்வார்கள். ஒரு கை நான்கு அங்குலம். 16 கை என்றால் நிலத்திலிருந்து தோள்மேடு வரை 64 அங்குலம். அதன்பின் வம்சாவளி: இன்ன குதிரைக்குப் பிறந்தது, தாய் இன்னது, தாயின் தகப்பன் இன்னது என்று சில தலைமுறைகளுக்கு நீளும். பிறகு விவசாயக் கண்காட்சிகளில் பெற்ற பரிசுகள். எல்லாவற்றுக்கும் அடியில் நிபந்தனைகள்.

இருவகைக் குதிரைகள் இப்படி விளம்பரமாயின. ஒன்று தறோபிறெட் எனப்படும் பந்தயக் குதிரை. இன்றுள்ள தறோபிறெட் ஆண்வழி முழுவதும், பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மூன்று ஆண் குதிரைகளில் போய் முடியும். அவற்றின் வம்சாவளிப் பதிவேடு அங்கே 1791இலேயே அச்சாகிவிட்டது. அவுஸ்திரேலியாவுக்கான பதிவேடு 1878இல் வந்தது. மற்றது ஏரும் வண்டியும் இழுக்கும் பார இழுவைக் குதிரை. ஸ்கொட்லாந்தின் கிளைட்ஸ்டேல் இனத்துக்கு 1877இல்தான் சங்கம் அமைந்தது. ஷயர் என்று பின்னர் பெயர்பெற்ற ஆங்கில இழுவை இனத்துக்கு 1878இல். அதற்கு முன்னர், இழுவைக் குதிரையொன்றின் வம்சாவளி என்பது அதன் சொந்தக்காரர் சொல்லும் சொல்தான். ஒரு குதிரை பெயரெடுத்துவிட்டால் அதன் குட்டிக்கும் அதே பெயரை வைத்து, முன்னால் 'இளைய' என்ற பொருள்படும் 'யங்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். தகப்பனின் புகழை மகனின் கட்டணத்தில் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

இந்த இழுவைக் குதிரை விளம்பரங்களை வாசித்தவர்கள் யார்? 1851இல் விக்ரோறியாவிலும் நியூ சவுத் வேல்சிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின்னர் சனத்தொகை பெருகியது. தங்கம் தேடி வந்தவர்களிற் பலர் பின்னர் காணி கேட்டனர். 1861இல் நியூ சவுத் வேல்சில் நிறைவேறிய காணிச் சட்டங்கள், 40 ஏக்கர் முதல் 320 ஏக்கர் வரை ஒருவர் தாமே தெரிந்தெடுத்துக் கொள்ள இடமளித்தன. (அக்காணிகள் யாவும் ஆதிக்குடிகளின் கையிலிருந்து விலையின்றிப் பறிக்கப்பட்டவை என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது.) அப்படிக் காணி எடுத்தவனிடம் ஒன்றிரண்டு பெட்டைக் குதிரைகளே இருக்கும். அவைதாம் உழவேண்டும், கோதுமை மூட்டையை ஏற்றிச் செல்லவேண்டும், குட்டியும் ஈனவேண்டும். குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். பெட்டை சினைப்படாவிட்டால் அவனுக்கு ஒரு முழு ஆண்டு போயிற்று. குட்டி பிறந்து அது நொண்டியாகவோ பலமற்றதாகவோ இருந்தால், ஏரில் பூட்டும் வயதுவரை அதற்கிட்ட தீனியும் போயிற்று. நூறு பெட்டைகளை வைத்திருந்த பெரும் பண்ணைக்காரருக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. இவனுக்கோ அடுத்த உழவே நின்றுபோகும்.

ஆகவே இவ்விளம்பரங்களைக் கீழிருந்து மேலாக வாசிப்பதே முறை என்பேன். பரிசும் பரம்பரையும் சொந்தக்காரரின் பெருமைக்கு. கமக்காரனின் வாழ்வு கீழ்வரிகளில் இருந்தது. கட்டணம் பெரும்பாலும் கினியிற் குறிக்கப்படும். ஒரு கினி 21 சிலிங். இழுவைக் குதிரைக்கு இரண்டு மூன்று கினி என்பது சாதாரணம். பெயர்பெற்ற தறோபிறெட் குதிரைக்குப் பத்துக் கினியும் அதற்கு மேலும் கேட்பார்கள். அதைவிடக் குதிரைக்காரப் பையனுக்கென்று சில சிலிங், முதல் தடவையிலேயே கையிற் கொடுக்க வேண்டியது. மிகுதிக் கட்டணத்தைப் பருவம் முடியும்போது செலுத்தலாம். இரண்டு மூன்று பெட்டைகளைக் கொண்டுவருவோருக்குக் கழிவு உண்டு. வளவில் விட்டுச் செல்லும் பெட்டைக்குப் புல்லுக்கான வாடகை கிழமைக் கணக்கில் ஏறும். குறித்த நாளுக்குள் கூட்டிச் செல்லாவிட்டால் மேலதிகக் கட்டணம்.

இவற்றுள் இரண்டு வரிகள் கவனிக்கத்தக்கவை. எல்லாக் கவனமும் எடுக்கப்படும், ஆனால் பொறுப்பேற்கமாட்டோம் என்பது ஒன்று. வேலி பாய்ந்து பெட்டை காலை முறித்துக் கொண்டாலும், களவு போனாலும், சொந்தக்காரரின் பாடு. இந்த வரி ஏறக்குறைய எங்கும் இருந்தது. மற்ற வரி எல்லா விளம்பரங்களிலும் இருக்கவில்லை. குட்டி உறுதி என்ற உத்தரவாதம் அது. சிலர் இரண்டு விலை போட்டார்கள்: உத்தரவாதம் இல்லாமல் ஒரு விலை, உத்தரவாதத்தோடு அதிலும் கூடிய ஒரு விலை, அதுவும் குட்டி கிடைத்தால் மாத்திரம். என் கருத்தில், அந்த விளம்பரப் பத்திகள் முழுவதிலும் மிக நேர்மையான வரி இதுவே. தன் குதிரையின் வீரியத்தில் நம்பிக்கை உள்ளவன் தன் பணத்தையும் அதன்மீது வைக்கிறான். பரம்பரையை எட்டு வரியில் எழுதிவிட்டு உத்தரவாதத்தை ஒரு வரியிலும் எழுதாதவனைப் பற்றிக் கமக்காரன் என்ன நினைத்திருப்பான் என்று ஊகிப்பது கடினமல்ல.

விளம்பரத்தில் ஒருபோதும் வராத செய்திகளும் இருந்தன. ஓடும்போது மூச்சுக் கரகரப்பது, கணுக்காலில் எலும்பு வளர்வது, கண்ணிற் படலம் படர்வது போன்ற, பரம்பரையாக வரக்கூடியவை என்று குதிரைக்காரர் அஞ்சிய குறைகளைப் பற்றி எந்தச் சொந்தக்காரர்தான் காசு கொடுத்து அச்சிடுவார்? இக்குறையைத் தீர்க்கப் பிரித்தானியாவில் 1918இல் ஒரு சட்டம் வந்தது. அரசின் அனுமதிப்பத்திரம் இல்லாத பொலிக்குதிரையை ஊர் ஊராகக் கொண்டு செல்ல முடியாது என்றது அச்சட்டம். விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

ஆயினும் அந்த ஊர்சுற்றும் வழக்கத்தில் ஒரு பெரிய நன்மை இருந்தது. இழுவைப் பொலிக்குதிரையைக் குதிரைக்காரன் நடத்திச் செல்வான். திங்கள் இந்தச் சந்தி, செவ்வாய் அந்த விடுதி, சனிக்கிழமை சந்தை என்று அதன் வழியே விளம்பரத்தில் அச்சாகியிருக்கும். பெட்டைக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை பருவம் திரும்புவதால், சினைப்படாததை மறு சுற்றில் காட்டிப் பார்க்கலாம். இதைவிட முக்கியமானது, கமக்காரன் குதிரையைத் தன் கண்ணாற் பார்த்தான் என்பது. அதன் குளம்பைத் தூக்கிப் பார்த்தான், குணத்தைக் கண்டான். குதிரை அடுத்த ஆண்டும் அதே வழியால் வருமானால், போன ஆண்டுக் குட்டிகள் வழிநெடுக வேலிக்கு உள்ளே நிற்கும். அவற்றைப் பார்த்தபின் வம்சாவளியை வாசிக்க வேண்டிய தேவை இல்லை. மோசமான குட்டிகளைத் தந்த குதிரை வேறு வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

தறோபிறெட் விடயம் வேறு. அங்கே பெட்டைகள்தாம் பண்ணைக்கு அனுப்பப்பட்டன. வேகம் ஒன்றே விலை. நியூ சவுத் வேல்சிலிருந்து இந்தியப் படைகளுக்கென வாங்கப்பட்ட சவாரிக் குதிரைகள், அந்த மாநிலத்தின் பெயராலேயே 'வேலர்' என அழைக்கப்பட்டு, கப்பலில் சென்னைத் துறைக்கும் வந்து இறங்கின. நெடுந்தூரம் சுமை தாங்கும் குதிரைதான் படைக்கு வேண்டும். குறுகிய தூரப் பந்தயத்துக்கென வளர்த்த மெலிந்த குதிரைகளைக் குடியேற்றக்காரர் 'களை' என்றே அழைத்தனர். பந்தய மோகம் நாட்டுக் குதிரையைக் கெடுக்கிறது என்ற முறைப்பாடு அக்காலப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. அதேவேளை, பரம்பரை என்பது முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. மஸ்கெற் என்ற ஆங்கிலப் பந்தயக் குதிரை 1878இல் நியூசிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, முதலில் வண்டிக் குதிரைகளைப் பெறுவதற்கே பயன்பட்டது. அதற்கு 1885இல் பிறந்த காபைன், 1890இல் மெல்பேர்ண் கிண்ணப் பந்தயத்தில் 39 குதிரைகள் ஓட, 145 இறாத்தல் சுமந்து வென்றது. நல்ல குருதி இருந்தும் அது எதற்கு உதவும் என்பதை உரியவர்களே பிந்தித்தான் கண்டுகொண்டார்கள்.

எமது நாட்டில் நெடுந்தீவிலும் குதிரை வளர்ப்பு நடந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறிமாறி நடத்திய அப்பண்ணையின் லாயங்களுடைய இடிபாடுகள் இன்றும் அங்கே உள்ளன. மட்டக்குதிரைகள் தரவைகளில் யாருக்கும் உதவாமல் அலைகின்றன. ஆட்சியாளரின் தேவைக்கென வளர்த்தவை அவர்கள் போனபின் கைவிடப்பட்டன. குதிரை இனவிருத்தி என்ற ஒரே வேலை, கமக்காரனின் வேலிக்கரையில் நடந்தபோது ஒருவிதமாகவும், ஆட்சியாளரின் லாயத்தில் நடந்தபோது இன்னொரு விதமாகவும் முடிந்தது.

இன்று எமது கிராமங்களில் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வரும் விந்துக் குழாயை வைத்துக்கொண்டு கமக்காரனால் எதையும் பார்க்கமுடியாது. காளை எங்கோ இருக்கிறது; அதன் பெறாக்கள் அயற்கிராமத்தில் எத்தனை போத்தல் பால் கறக்கின்றன, எமது வெயிலையும் வைக்கோலையும் தாங்குகின்றனவா என்பதை எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. அந்த விந்துமுறையை நான் குறை கூறவில்லை. ஊர்சுற்றும் காளையால் பரவும் நோய்களை அது தடுத்திருக்கிறது. ஆனால் பசு சினைப்படாமற் போனால் இரண்டாம், மூன்றாம் முறைக்கான செலவு யாருடையது? கலப்பினக் கன்று செத்தால், அதை வாங்கப் பெற்ற கடனின் மிகுதித் தவணை யாருடையது? உயரினக் கிடாயையும் பசுவையும் பகிர்ந்தளிக்கும் திட்டங்களில், எம் திருச்சபைகள் நடத்தும் திட்டங்கள் உட்பட, பயனாளியிடம் கையொப்பம் வாங்கும் தாள்களில் அவர் செய்யவேண்டியவை நிறையவே எழுதப்பட்டிருக்கும். கொடுப்பவர் ஏற்கும் பொறுப்பும் அதே தாளில், அதே அளவு எழுத்தில், பயனாளி கையொப்பமிட முன்னர் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அடுத்த விநியோகத்துக்கு முன், முந்திய விநியோகத்தில் கிடைத்த விலங்குகளும் அவற்றின் குட்டிகளும் நிற்கும் வளவுகளுக்குப் புதிய பயனாளிகளை ஒருநாள் அழைத்துச் சென்று காட்டவும் வேண்டும். அதற்கு ஒரு வாகனமும் ஒரு பகற்பொழுதும் போதும்.