நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கலாமா?

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் ஏரியும் வயலும் போக மிச்சமிருக்கும் நிலத்தைக் காட்டிக் கேட்டால், "ஒண்ணுமில்ல, வெறும் பொட்டல்" என்பார்கள். காரையும் களாவும் முள்ளுமாக மண்டிக் கிடக்கும் இப்படிப்பட்ட காய்ந்த நிலம்தான் நட்சத்திர ஆமைக்கு வீடு. இது தரையில் மட்டுமே வாழும் ஆமை. புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்தில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

கருத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும். காய்ந்த புல்லுக்குள் கிடந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் புதர் நிழலில் முடங்கும். மழை வந்ததும் காலையிலும் மாலையிலும் புல், உதிர்ந்த பழம் தேடிக் கிளம்பும். முட்டையிடும் பெண் ஆமை, இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து, பின்னங்கால்களால் குழி பறிக்கும். ஒரு முறைக்குப் பத்து முட்டை வரை இட்டாலே அதிகம். இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே பல வருடம் பிடிக்கும். பிடித்துக்கொண்டே போனால் ஈடுகட்ட முடியாத கணக்கு இது.

பிடிப்பதோ ஆயிரக்கணக்கில் நடக்கிறது. இந்தியாவில் ஒரே இடத்திலிருந்து மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பெட்டிக்குள் அடைத்துத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குக் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது பழகிப்போன செய்தி. "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்ற ஊரிலேயே, அதிர்ஷ்டம் என்று தொட்டியில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வேடிக்கைதான்.

2019-இல் சர்வதேச வணிகத்துக்கு முழுத் தடை வந்தது. இந்தியச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் கிடந்த இந்த ஆமையை 2022 திருத்தம் புலி, யானையோடு முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

சட்டம் ஆமையைக் காக்கிறது, சரி. அது வாழும் பொட்டலை? காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள புதர்நிலம் வருவாய்க் கணக்கில் தரிசு, புறம்போக்கு. மனைப்பிரிவு போட வருகிறவர்களுக்கும் அது காலி இடம்தான். பறிமுதல் செய்த ஆமைகளைக் கண்ட இடத்தில் விடவும் முடியாது. வடமேற்கு இந்திய ஆமையும் தென்னிந்திய ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை, நோயும் தொற்றலாம். எனவே வழியில் ஒன்றைப் பார்த்தால் தூக்க வேண்டாம். சாலை நடுவில் இருந்தால், அது போகும் திசையிலேயே ஓரமாக விட்டால் போதும். யாராவது பையில் போட்டு எடுத்துப் போனால் வனத்துறைக்குச் சொல்லலாம்.