பனியனும் பின்னல் ஊசியும்

“ஏட்டி, இந்த வெயில்ல சொட்டரு யாருக்குட்டி?”

சிவகிரியில் ஒரு பெண் மடியில் நூல்கண்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு அத்தை இப்படித்தான் கேட்பார். ஈரோட்டுச் சிவகிரி அல்ல. இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கிடக்கும் சிவகிரி. அத்தையின் கேள்வியில் நியாயம் உண்டு. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கைக்குழந்தையின் தலைக்கு ஒரு குல்லாய் வேண்டியிருக்கும். பெங்களூரில் இருக்கும் பேரனுக்கு மார்கழியில் ஒரு ஸ்வெட்டர் உதவும். மற்ற நாளெல்லாம் வெயில்தானே?

ஆனால் அத்தையின் வீட்டு மாமா அந்த வெயிலில்தான் நாள் முழுக்கப் பின்னல் துணி போட்டிருக்கிறார். அவர் உடம்பில் இருக்கும் பனியன் நெய்த துணி அல்ல, பின்னிய துணி. நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பின்னலில் ஓடுவது ஒரே நூல். அது வளைந்து ஒரு கண்ணியாகி, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து, அப்படியே வரிசை வரிசையாக ஏறும். கண்ணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதனால்தான் பொத்தான் இல்லாமலே பனியனைத் தலைவழியாக மாட்ட முடிகிறது. பழைய பனியனின் வெளிப்பக்கத்தை உற்றுப் பார்த்தால் நெற்கதிரில் மணிகள் அடுக்கியதுபோல் சின்னஞ்சிறு கண்ணிகள் தெரியும். பாட்டி ஊசியில் போடும் கண்ணியும் அதுவேதான். 1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியைச் செய்தபோது, கை செய்துகொண்டிருந்ததைத்தான் இரும்புக்குக் கற்றுக்கொடுத்தார். 1920-களில் பனியன் தொழில் வேர்விட்ட திருப்பூர் இன்று உலகத்துக்கே பின்னலாடை அனுப்புகிறது.

ஆக, பின்னலுக்கும் நம் வெயிலுக்கும் பகை இல்லை. பகை நூலில் இருக்கிறது. கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கம்பளி அல்ல. அக்ரிலிக் என்ற செயற்கை இழை. நிறம் கண்ணைப் பறிக்கும், துவைத்தால் சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் வேர்வையை அது வாங்கிக்கொள்ளாது. சாதாரணக் காற்றில் வைத்த 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும்; கம்பளி 16 கிராம்வரை கூட. அக்ரிலிக் 2 கிராமைத் தாண்டுவதில்லை. மாசி பிறந்த பிறகு குழந்தைக்கு அக்ரிலிக் குல்லாய் போட்டுத் தூங்கவைத்தால், எழும்போது நெற்றியெல்லாம் வேர்க்குருவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பருத்திக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமா என்ன? சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இலேயே வந்துவிட்டது. பாபநாசத்தில் விழும் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை கட்டினார்கள். பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆன நிறுவனத்தின் தொடக்கம் அது. இராஜபாளையத்தில் நூற்பாலைகள், புளியங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் தறிகள். இவ்வளவுக்கும் நடுவில் இருந்துகொண்டு, சிவகிரிக்காரி பேரனுக்குப் பின்ன அக்ரிலிக் உருண்டை வாங்குகிறாள். இது மாற வேண்டும்.

மாறுவதில் ஒரு சிக்கல் உண்டு. தறிக்குப் போகும் நூல் மயிரிழை. 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 68 மீட்டர் ஓடும். கையால் பின்னும் நூல் ஒரு கிராமுக்கு இரண்டரை மீட்டர்தான் ஓட வேண்டும். அப்படியானால் கிட்டத்தட்ட 27 இழையை ஒன்றாக முறுக்க வேண்டும். வீட்டில் ஆகிற வேலை இல்லை. குரோஷா கொக்கிக்கென்று விற்கும் முறுக்கிய பருத்தி நூல் கிடைக்கிறது. அதில் இரண்டு, மூன்று இழை சேர்த்துப் பின்னலாம். கைப்பின்னலுக்கென்றே தடித்த பருத்தி நூலை இந்தப் பக்கத்து ஆலைகள் உருண்டையாகச் சுற்றிப் பக்கத்து ஊர்க் கடைகளுக்குத் தந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நூல் வேலை தென்கோடிக்குப் புதிதல்ல. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி சிறுமிகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அடிமைப்பட்டுக் கிடந்த பெண்களில் சிலர் அந்த வேலையில் வந்த காசைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்; அதற்கு முன்பே இது நடந்திருக்கிறது. மார்த்தாவின் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். லேஸும் கூடவே வந்தது. ஒப்பிலக்கணம் எழுதியவரைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். அவர் வீட்டு அம்மா ஊர்ப் பெண்களின் கையில் கொடுத்த வேலையைப் பற்றியும் இரண்டு வரி படித்திருக்கலாம். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட குரோஷாப் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். சென்னை வெயில் அவர்கள் கையைக் கட்டிவிடவில்லை.

ஊசிக்கும் எங்கோ போக வேண்டாம். உலகெங்கும் பின்னுகிறவர்களுக்குத் தெரிந்த ‘போனி’ ஊசி நீலகிரியில், கேத்தியில் செய்யப்படுவது. 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் சரக்கு. பழைய கணக்கில் ஊசியின் நம்பர் ஏற ஏறக் கனம் குறையும்: 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25, 12-ஆம் நம்பர் 2.75. இது தெரியாமல் பெரிய நம்பரைக் கேட்டு வாங்கி வந்து விழிப்பவர்கள் உண்டு.

முதல் வேலையாக ஒரு குல்லாய் போதும். ஆனால் நேராகக் குல்லாயில் இறங்கக் கூடாது. உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, காயவைத்து, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். 20 என்று வைத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். கம்பளி நன்றாக இழுபடும் என்பதால் 64 கண்ணி போதும். பருத்திக்கு அந்தத் துள்ளல் கிடையாது, 68 போடலாம். பருத்தி தன் கனத்திலேயே தொய்யும், அதனால் கொஞ்சம் இறுக்கிப் பின்ன வேண்டும். துவைத்தபின் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாய்மேல் விரித்துக் காயவைக்க வேண்டும். பிறகு குழந்தைக்குக் காலுறை பின்னினால், அதன் உள்ளே தளர்ந்த நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது; கால்விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுபோகும். குல்லாய்க்குக் கழுத்தில் கட்டும் நாடாவும் வேண்டாம்.

அடுத்த வருஷம் குல்லாய் சின்னதாகிவிடும், பின்னே பிள்ளை வளராமலா இருக்கும்? அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முடித்த முனையைத் தேடி இழுத்தால் கடைசி வரிசை அவிழும், அதற்கு முந்தியது அவிழும், கடைசியில் கையில் இருப்பது சுருள்சுருளாக அதே ஒற்றை நூல். நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாக்கி, நாலு இடத்தில் கட்டி, தண்ணீரில் நனைத்து, அடியில் சின்னக் கனம் ஒன்றைத் தொங்கவிட்டால் மறுநாள் சுருள் நிமிர்ந்துவிடும். ஒரு வயதுப் பிள்ளையின் தலை 46 சென்டிமீட்டர் இருக்கும். புது நூல் கொஞ்சம் சேர்த்து, இந்த முறை 90 கண்ணி.