காகிதக் குத்துவிளக்கைக் குப்பையில் எறியாதிருங்கள்



டிசம்பர் மாதத்தில் அமெரிக்கப் பாலர் பள்ளிகளிலிருந்து நம்முடைய பிள்ளைகள் ஒன்பது சுடருள்ள காகிதக் குத்துவிளக்கோடு வீடு திரும்புகிறார்கள். இரண்டு கைகளையும் வர்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்த விளக்கு அது. எட்டு விரல்கள் எட்டுத் திரிகள். ஒன்றாய்ச் சேர்ந்த கட்டைவிரல்கள், மற்றவற்றை ஏற்றும் நடுவிளக்கு. அதைக் கண்டதும், "இது நம்முடைய பண்டிகையல்லவே, இதை ஏன் கற்பிக்கிறார்கள்?" என்று உங்களில் சிலர் முறுமுறுக்கிறீர்கள். அந்த முறுமுறுப்பு தவறானது என்று இந்த வாரம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். யோவான் 10-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனம், மாரிகாலத்தில் வந்த தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையைச் சொல்லுகிறது. இயேசு சாலொமோனின் மண்டபத்தில் உலாவினது அந்நாட்களிலேதான். அப்பண்டிகையே ஹனுக்கா, பிரதிஷ்டை என்பதே அந்த எபிரெயச் சொல்லின் பொருள். கி.மு. 167-ல் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோகு எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தி, ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தான். யூதாஸ் மக்கபேயுவும் அவன் சகோதரரும் எதிர்த்து நின்று, கி.மு. 164-ல் ஆலயத்தைச் சுத்திகரித்து மறுபடியும் பிரதிஷ்டை செய்தார்கள். அந்த ஜனங்கள் அன்று பணிந்துபோயிருந்தால், மரியாளும் யோசேப்பும் பாலகனை எந்த ஆலயத்திற்குக் கொண்டுபோயிருப்பார்கள்?

நான்கு வயதுக் குழந்தைக்குப் பிரசங்கம் விளங்காது. தன் கையால் செய்தது விளங்கும். முதல் மாலை ஒன்று, இரண்டாம் மாலை இரண்டு என்று ஏற்றிப் போனால், நடுவிளக்கையும் சேர்த்து எட்டு இரவுகளுக்கு 44 மெழுகுவர்த்திகள் வேண்டும்; எண்ணிப் பார்க்கிற பிள்ளை கணக்கையும் கற்கிறது. உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரிக்கும் லாட்கே, ஒரு பண்டிகைக்கு ருசியும் மணமும் உண்டென்று காட்டுகிறது. டிரெய்டல் என்னும் பம்பரத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு எபிரெய எழுத்துகள்: அங்கே பெரிய அற்புதம் நடந்தது என்பதை அவை குறிக்கின்றன. இஸ்ரேலில் சுழலும் பம்பரத்திலோ ஓர் எழுத்து மாறி, இங்கே என்றாகிறது. இவற்றைத் தொட்டறிவது ஆராதனையல்ல. அடுத்த வீட்டாரை அறிவது.

ஆனாலும் வகுப்பறைகளில் நடப்பதெல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. நீலமும் வெள்ளியுமான சரிகைத் தாள்களைத் தொங்கவிட்டு, பரிசுப்பொட்டலங்களை அடுக்கி, "யூதருடைய கிறிஸ்துமஸ்" என்று பெயரிடுவது சோம்பேறித்தனமான போதனை. யூதர்களுக்குப் பஸ்காவும் பாவநிவாரண நாளும் இதைவிட மிகப் பெரியவை. ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த தல்மூத் வரலாற்றை மாத்திரம் சொல்லி, ஜெபிக்கக்கூடாதென்று கட்டளையிட்ட அரசனை மறைத்துவிட்டால், பிள்ளை வெறும் விளக்கைத்தான் அறியும். போரைக் குழந்தைகளுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சேறு பூசிய ஒரு மேசையை எல்லாரும் சேர்ந்து தேய்த்துக் கழுவட்டும். தீட்டுப்பட்ட வீட்டை ஒரு ஜனம் சுத்திகரித்த கதையை அந்தக் கைகள் மறவா.

சபைகளிலும் ஒரு பிழை உண்டு. நடுவிளக்கு கிறிஸ்து என்றும், எட்டு விளக்குகள் நாம் என்றும் பாடம் எழுதி, ஞாயிறு பள்ளியில் ஹனுக்காவை நம்முடையதாக்கிக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டாருடைய விளக்கில் நம் பெயரை எழுதுவது அன்பாகுமோ? கிறிஸ்துவை அறிவிக்க நமக்குச் சுவிசேஷம் இருக்கிறது. இன்னொரு ஜனத்தின் நினைவை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதைச் சிறு காரியமென்று எண்ணாதிருங்கள். நாம் போற்றுகிற மார்ட்டின் லூத்தர், 1543-ல் யூதருடைய ஜெபாலயங்களைக் கொளுத்தும்படி எழுதினார். அறியாமையும் வெறுப்பும் பிரசங்கபீடத்திலிருந்தே பரவின காலங்கள் சபைச் சரித்திரத்தில் உண்டு. வேறொரு சம்பவத்தையும் கேளுங்கள். 1993 டிசம்பரில், மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரத்தில், ஹனுக்கா விளக்கு வைத்திருந்த ஒரு யூதச் சிறுவனுடைய படுக்கையறை ஜன்னலைக் கல்லெறிந்து உடைத்தார்கள். அந்நகரத்துக் கிறிஸ்தவர்கள் வெறுமனே வருத்தம் தெரிவித்து ஓயவில்லை. சபைகளில் காகித விளக்குகள் பகிரப்பட்டன. உள்ளூர் நாளிதழான பில்லிங்ஸ் கெசட் முழுப்பக்கத்தில் அப்படத்தை அச்சிட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளின் ஜன்னல்களில் அது ஒட்டப்பட்டது. எந்த வீடு யூதருடையது என்று கல்லெறிகிறவனுக்குத் தெரியாமற்போயிற்று. நீங்கள் குப்பையில் போட நினைக்கிற காகித விளக்கு அங்கே ஒரு குழந்தைக்குக் கேடகமாயிற்று.

ஆகையால் பெற்றோரே, முறுமுறுக்கிறதற்குப் பதிலாய் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்: அரசனுடைய தடையைப்பற்றிச் சொன்னீர்களா? வகுப்பிலுள்ள யூதக் குடும்பம் மனமுவந்தால், அவர்களையே பேச அழைத்தீர்களா? விளக்கேற்றும்போது சொல்லும் அவர்களுடைய ஜெபத்தை எல்லாப் பிள்ளைகளையும் சொல்லவைக்காமல், அதை அவர்களுக்கே விட்டீர்களா? இம்மூன்றும் நடந்தால் நன்றி சொல்லுங்கள். நடக்காவிட்டால் தயவாய் எடுத்துச் சொல்லுங்கள்.

ஹனுக்கா விளக்கைத் தெருவில் போகிறவர்கள் காணும்படி வாசலிலோ ஜன்னலிலோ வைப்பது யூதருடைய வழக்கம். அதன் வெளிச்சத்தில் வேறு வேலை செய்யலாகாது. அதைப் பார்க்கமட்டுமே வேண்டும். உங்கள் பிள்ளை கொண்டுவருகிற காகித விளக்கையும் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அது யாருடைய விளக்கென்று பிள்ளை கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.