பிளினியின் கோபமும் கடனும்

உரோமாபுரி அறிஞர் மூத்த பிளினி கிரேக்கரை வெறுத்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கி.பி. 77-இல் இளவரசர் டைட்டசுக்கு அவர் காணிக்கையாக்கிய 'இயற்கை வரலாறு' 37 பகுதிகள் கொண்டது. 29-ஆம் பகுதியில் கிரேக்க மருத்துவர்களைச் சாடுகிறார் பாருங்கள்! நோயாளியின் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் பழகுகிறார்களாம். ஆளைக் கொன்றாலும் தண்டனை இல்லையாம். மருத்துவரிடம் போகாதே என்று மூத்த கேட்டோ தம் மகனுக்கு எழுதிய எச்சரிக்கையையும் துணைக்கு அழைக்கிறார். (அந்தக் கேட்டோ முட்டைக்கோசை மாமருந்தாகப் புகழ்ந்தவர்!) மனிதன் ஓநாயாவான் என்ற கதையைச் சொல்லி, கிரேக்கர் எதையும் நம்புவார்கள் என்று வேறு இடத்தில் நகைக்கிறார்.

ஆனால் முதற் பகுதியைப் புரட்டினால், ஒவ்வொரு பகுதிக்கும் யார் யாரிடம் செய்தி பெற்றார் என்ற பட்டியல் இருக்கிறது. உரோமர் முதலில், அயலார் பின்னர். அந்த அயலாருள் பெரும்பாலோர் கிரேக்கரே. விலங்குகளுக்கு அரிஸ்டாட்டில், செடிகொடிகளுக்குத் தியோபிராஸ்டஸ். பெயர் சொல்லாமல் முன்னோரை வரிக்கு வரி நகலெடுப்போரை அவர் முன்னுரையிலேயே கண்டிக்கிறார். நம் ரெக்கார்டு நோட்டுகள் நினைவுக்கு வந்தன!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாடம் முழுவதும் யாரோ கண்டுபிடித்துத் தந்தது. ஆகவே பிளினியின் வசையைவிட அந்தப் பட்டியலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. சில மருத்துவரின் பேராசைக்கு ஓர் இனத்தையே பழிக்கலாமா? அரிஸ்டாட்டிலும் அந்த இனந்தானே!