மாணவனின் பெயரை வெட்டுங்கள், பள்ளிக்கூடத்தை இடிக்காதீர்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனது நீண்டகால நண்பர். தமது ஊரின் வரலாற்றை எழுதுவதற்காக ஒன்பது ஆண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்து வந்தவர். பழைய காணி உறுதிகளின் பிரதிகள், இடம்பெயர்ந்து போன குடும்பங்களின் விவரங்கள், இன்று உயிரோடில்லாத முதியவர்கள் சொன்ன செய்திகள் யாவும் அவரது வீட்டுக் கணினியில் இருந்தன. ஒருநாள் காலை கணினியை இயக்கியதும் திரையில் சிறிய பெட்டி ஒன்று தோன்றியது. ஒரு கோப்பைத் தொடக்குவதில் சிக்கல், குறிப்பிட்ட கூறு காணப்படவில்லை என்பது அதன் பொருள். மறுநாளும் அதுவே வந்தது. மூன்றாம் நாள் கணினியைத் திருத்தும் கடைக்குக் கொண்டு போனார். மாலையில் கணினி வீடு திரும்பியது. "போர்மட் அடிச்சாச்சு ஐயா, இனிப் புதுசு மாதிரி ஓடும்" என்றார் கடைத் தம்பி. அந்தப் பெட்டி பிறகு வரவில்லை. ஒன்பது ஆண்டுக் குறிப்புகளும் வரவில்லை.

ஆசிரியர் அல்லவா, அந்தப் பிழைச்செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதை வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்த கோப்பின் பெயர், சில வாரங்களுக்கு முன் அவர் தூக்கி எறிந்த பழைய அச்சுப்பொறியின் மென்பொருளுக்கு உரியது. மென்பொருளை நீக்கிவிட்டார். ஆனால் கணினி தொடங்கும்போது அதை அழைக்க வேண்டும் என்ற கட்டளை நீங்காமல் இருந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான்.

அவருக்கு விளங்கும் மொழியில் சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய மாணவனின் பெயர் இடாப்பில் வெட்டப்படாமல் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அந்தப் பெயர் கூப்பிடப்படுகிறது. பதில் வருவதில்லை. இதற்கு எந்த ஆசிரியராவது பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு மறுபடி கட்டுவாரா? அவர் சிரிக்கவில்லை.

இது ஒருவருக்கு நேர்ந்த தனிப்பட்ட துன்பம் அன்று. கணினி தொடங்கும்போது எந்தக் குறை தோன்றினாலும் வன்தட்டை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவதே முதல் மருந்து என்ற வழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். இதை நான் திருத்தவேலை என்று ஏற்க மாட்டேன். நோயைக் கேளாமலே நோயாளியை எரிக்கும் வேலை இது.

கணினியின் தொடக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றே அறிந்தால் இந்த அச்சம் பாதி நீங்கும். நாம் கடவுச்சொல்லைத் தட்டுவதற்கு முன்பே, திரையில் முகம் காட்டாத பல சிறு நிரல்கள் இயங்கத் தொடங்குகின்றன. இவற்றைச் சேவைகள் என்பர். அச்சுப் பணிகளை வரிசைப்படுத்துவது ஒன்று, ஒலியைக் கவனிப்பது ஒன்று, புதுப்பித்தல்களைக் கொண்டுவருவது ஒன்று. தேடற் பெட்டியில் சேர்விசஸ் என்று தட்டினால் முழுப் பட்டியலும் வரும். தானாகத் தொடங்குபவை, 2007இல் வெளியான விஸ்டாவிலிருந்து வந்த சற்றுத் தாமதித்துத் தொடங்கும் வகை, தேவைப்படும்போது மட்டும் எழுபவை, முற்றாக முடக்கப்பட்டவை என அவை நான்கு நிலைகளில் இருக்கும். ஒரு சேவை மற்றொன்றில் தங்கியிருப்பதும் உண்டு. ஒலிச் சேவை தன் துணைச் சேவை எழாவிட்டால் தானும் எழாது. பழியை ஒலியின் மீது போட்டுப் பயனில்லை.

ஒரு சேவை தொடங்கத் தவறினால் கணினி அதை மறைப்பதில்லை. ஈவன்ட் வியூவர் என்னும் நிகழ்வுப் பதிவேட்டில், சிஸ்டம் என்ற பிரிவில், திகதியும் நேரமும் இட்டு எழுதி வைக்கிறது. 7000 என்ற எண்ணைக் கண்டால் அந்தச் சேவை தொடங்கவில்லை என்று பொருள். 7001 என்றால் அது தங்கியிருந்த வேறொரு சேவை தொடங்கவில்லை. 7009 என்றால் குறித்த நேரத்துக்குள், வழக்கமாக 30 விநாடிகளுக்குள், பதில் கிடைக்கவில்லை. சேவை அல்லாத தொடக்க நிரல்களுக்கு டாஸ்க் மானேஜரில் தனிப் பட்டியல் உண்டு. இன்னும் ஆழமாகப் பார்க்க ஓட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கோப்பு இல்லாத கட்டளைகளை அது மஞ்சள் நிறத்தில் காட்டும். எதிரிலுள்ள அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும். தவறென்று தோன்றினால் மறுபடி இடலாம். எனது நண்பரின் ஒன்பது ஆண்டு உழைப்பு இந்த ஓர் அடையாளத்துக்கு ஈடாகப் போயிற்று.

இவையெல்லாம் வீட்டுக் கணினிக்குப் பொருந்தும், பெரிய சிக்கல்களுக்குப் பொருந்தா என்பார் உளர். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பித்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் தொடங்க முடியாமல் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் பறக்கவில்லை. மருத்துவமனைகள் தடுமாறின. அதற்கான மருந்து என்ன? சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடங்கி, ஒரேயொரு கோப்பை அழிப்பது. உலகம் கண்ட மிகப் பெரிய தொடக்கப் பிழைக்கு ஒரு கோப்பை அழித்தார்கள். நமது தெருக்கோடிக் கடையில் ஓர் அச்சுப்பொறியின் எச்சத்துக்கு வன்தட்டையே அழிக்கிறார்கள்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மை ஆகாது. போர்மட் செய்வதற்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி என்று அவருக்குத் தெரியும். பிழையின் காரணத்தைத் தேடினால் பத்து நிமிடமும் ஆகலாம், பகல் முழுவதும் ஆகலாம். அந்தத் தேடலுக்குக் கூலி கொடுக்க நாம் ஆயத்தமாக இல்லை. 'ஒரு கோப்பின் பெயரை வெட்டியதற்கா இவ்வளவு காசு?' என்று கேட்பவர்களும் நாமே.

பத்திரிகைக்காரராகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தச் சேவைகளை முடக்குங்கள், கணினி வேகமாக ஓடும் என்ற பட்டியல்களை நாங்களும் பக்கம் நிரப்ப வெளியிட்டோம். அவற்றுக்கு ஒரு காலத்தில் சிறிது நியாயம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் மெசெஞ்சர் சேவை வழியாக விளம்பரங்கள் திரையில் குதித்த நாட்கள் அவை. 2004இல் மைக்ரோசொப்ட் நிறுவனமே அதை முடக்கியது. ஆனால் அதன் பிறகும் அதே பட்டியல்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரதி பண்ணினோம். அதை நம்பி எதையோ முடக்கி, பின்னர் அச்சு வரவில்லை, ஒலி வரவில்லை என்று கடைக்கு ஓடியவர்கள் எத்தனை பேரோ.

மறுதரப்பின் வாதத்தையும் மறைக்க விரும்பவில்லை. தீய நிரல்கள் வேரோடிய கணினியை அழித்து நிறுவுவதே பாதுகாப்பு. ஆனால் அங்கும் முதல் வேலை கோப்புகளைப் பிரதி எடுப்பதே. டெஸ்க்டொப்பில் வைத்தவை யாவும் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும் அதே பகுதியிலேயே இருக்கின்றன. அதன் மேல் புதிதாக எழுதப்பட்டால் மீட்பது அரிது. இன்றைய எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் அந்த நம்பிக்கையும் பெரும்பாலும் இல்லை.

ஆகவே வாசகர்கள் செய்ய வேண்டியவை சில. பிழைச்செய்தியைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அண்மையில் எதை நிறுவினீர்கள், எதை நீக்கினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். காரணம் பிடிபடாவிட்டால் எம்எஸ்கொன்பிக் என்ற கருவியில், மைக்ரோசொப்டின் சேவைகளை மறைக்கும் அடையாளத்தை முதலில் இட்டு, எஞ்சியவற்றை நிறுத்திப் பாருங்கள். பிழை நின்றால் பாதி பாதியாகத் திரும்ப இயக்குங்கள். குற்றவாளி தானே அகப்படும். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் தட்டு தானாகவே பூட்டாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புத் திறவை இன்றே தாளில் எழுதி வையுங்கள். நல்ல கணினியிலும் நிகழ்வுப் பதிவேட்டில் சிவப்புக் குறிகள் இருக்கும். அவற்றைக் காட்டி மிரட்டித் தொலைபேசியில் பணம் பறிப்போர் உண்டு, ஏமாறாதீர்கள்.

கடைக்குப் போக நேர்ந்தால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: "என்னைக் கேளாமல் போர்மட் செய்யாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கான கூலியைத் தருகிறேன்."

நண்பர் மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறார். உறுதிகளின் பிரதிகளைத் திரும்பவும் கேட்டு வாங்கலாம். அந்த முதியவர்களிடம் இனி எங்கே போய்க் கேட்பது?