அரசாங்க வேலை: இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கத் தயங்குவது ஏன்?

அரசாங்க வேலைக்கு இந்தியர்கள் விண்ணப்பிப்பதே குறைவு என்பது அதிகாரிகள் தரப்பில் பல காலமாகச் சொல்லப்படும் விளக்கம். விண்ணப்பித்தாலும் கிடைப்பதில்லை என்பது சமூகத்தின் பதில். இந்த இரண்டையும் கேட்டே பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் முடிவை எடுக்கிறார்கள்.

சம்பளத்தில் ஈர்ப்பு கூடியுள்ளது. 2024 டிசம்பர், 2026 ஜனவரி என இரு கட்டங்களாக அறிவிக்கப்பட்ட உயர்வு, பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு மொத்தம் 15 விழுக்காடு. ஆனால், ஓய்வூதியம் என்ற பழைய கவர்ச்சி மங்கிவிட்டது. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை. தனியார் ஊழியர்களைப் போல இபிஎஃப் சேமிப்புதான். அரசாங்க வேலை கிடைத்தால் கடைசிவரை கவலையில்லை என்ற பெற்றோரின் அறிவுரை இனி அப்படியே பொருந்தாது.

இவற்றைவிடப் பெரிய தடை காத்திருப்பு. பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்து, பல பதவிகளுக்கு நுழைவுத் தேர்வும் எழுதி, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிடிபிடிஎன் கடனையோ படிப்பு முடிந்த 12 மாதங்களுக்குப் பின் கட்டத் தொடங்க வேண்டும். பி40 குடும்பத்துப் பட்டதாரியால் நெடுநாள் காத்திருக்க முடியாது. முதலில் கிடைக்கும் தனியார் வேலையை ஏற்கிறார், அல்லது உணவு விநியோகத்தில் இறங்குகிறார்.

அண்ணனோ அக்காவோ விண்ணப்பித்துப் பதிலே வராத வீட்டில், அடுத்த பிள்ளைக்கு முயன்று பார்க்கும் எண்ணமே வருவதில்லை. ‘நமக்கெங்கே கொடுப்பார்கள்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவுகிறது. விண்ணப்பம் குறைய, நியமனமும் குறைகிறது. நியமனம் குறைய, நம்பிக்கை இன்னும் தேய்கிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இல்லையென்றால், பட்டம் இருந்தும் பட்டதாரிகளுக்கான பதவிக்குத் தகுதி இல்லை. இதைப் பட்டமளிப்புக்குப் பிறகு அறிந்து வருந்துவதைவிட, படிக்கும்போதே மலாய்மொழித் தாளை மீண்டும் எழுதிவிடலாம்.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். எத்தனை இந்தியர்கள் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் நியமிக்கப்பட்டனர் என்ற மூன்று எண்களையும் ஆண்டுதோறும் சேர்த்தே வெளியிடலாம். கோளாறு விண்ணப்பத்திலா, தேர்விலா என்பது அப்போது தெரியும். தேர்வாகாதவர்களுக்கும் குறித்த காலத்தில் பதில் வந்தால், அடுத்த ஆண்டு மாணவர்களிடம் விண்ணப்பிக்கச் சொல்வது எளிதாகும்.