தோட்டம் எழும், நிலம் நிற்குமா?

நகரத்தில் வாழ்வோன் தான் உண்ணும் கீரை எவ்வூரில் விளைந்தது, எவர் கையால் பறிக்கப்பட்டது என்று அறியான். அறியாமையை ஒரு குறையாகவும் அவன் கருதுவதில்லை. மண்ணை விட்டு நீங்குவதே மேன்மை எனப் பள்ளிக்கூடமும் அலுவலகமும் அவனுக்குக் கற்பித்துவிட்டன. இந்நிலைக்கு மாறாக, இடிபாடுகளின் நடுவே, பிறர் தூக்கியெறிந்த பொருள்களைக் கொண்டும் இளைஞரைத் துணைக்கொண்டும் தோட்டம் எழுப்பிய முயற்சிகள் மேலைநாடுகளில் நடந்துள்ளன. அவற்றைப் போற்றி எழுதுவோர் பலர். அவை எங்கே இடறின என்று எழுதுவோர் சிலரே.

செருமனியின் தலைநகராகிய பெர்லினில், மோரிட்சு சதுக்கத்தை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெறுமனே கிடந்தது. 2009ஆம் ஆண்டுக் கோடையில் அதனைத் துப்புரவு செய்தோர் அந்நிலத்தில் நேரே விதைக்கவில்லை. நகரத்து மண்ணில் என்னென்ன நஞ்சு கலந்துள்ளதோ என்னும் அச்சம் ஒருபுறம். உறுதியற்ற குறுகிய குத்தகை மறுபுறம். ஆதலின் அடுமனைகளில் ரொட்டி அடுக்கும் நெகிழிப்பெட்டி, அரிசிச் சாக்கு, பால் அடைத்துவரும் அட்டைப்பெட்டி ஆகியவற்றில் உரமண் நிரப்பிப் பயிரிட்டனர். பழைய சரக்குப் பெட்டகம் உணவகமாயிற்று. தம் அமைப்புக்கு அவர்கள் இட்ட பெயரே ‘நாடோடிப் பசுமை’ என்று பொருள்படுவது. போ என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் அல்லவா!

தொடங்கியவருள் ஒருவர் கியூபாவில் கண்டதை நெஞ்சில் கொண்டே இதில் இறங்கினார். 1991இல் சோவியத்து ஒன்றியம் குலைந்தபின் கியூபாவுக்கு எண்ணெயும் செயற்கை உரமும் வருவது பெரிதும் அருகியது. அவானா நகரத்தார் வெற்றுமனைகளில் உடைந்த ஓட்டையும் கல்லையும் கொண்டு வரம்பு கட்டி, மக்கிய உரமிட்டுக் காய்கறி விளைத்தனர். அங்கே அது பொழுதுபோக்கன்று, பசி.

கழிபொருள் என்றவுடன் எல்லாம் நல்லதே என்று மயங்குவாரும் உளர். பழைய இருப்புப்பாதைக் கட்டைகளில் ஊறியுள்ள கரிநெய், காய்ப்பாத்திக்கு ஆகாது. செம்பும் பாசாணமும் ஏற்றிப் பதப்படுத்திய மரம் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதிவரை வீட்டுவேலைகளுக்கு விற்பனையில் இருந்தது. அம்மரம் இன்றும் பழம்பலகையாகக் கைக்குக் கிடைக்கும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும். சரக்கேற்றும் மரச்சட்டங்களை வெப்பத்தால் பதப்படுத்தினரா, மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவளியால் பதப்படுத்தினரா என்பதை அவற்றின் மேலுள்ள முத்திரையே சொல்லும். அதைப் படித்தறியப் பழகாத இளைஞன் கையில் சுத்தியலைக் கொடுப்பது பயிற்சியாகாது. வேலைவாங்குதலே ஆகும்.

இளைஞர்க்குக் கற்பித்த வகையில் பெரிதும் பேசப்பட்டவர் அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரத்து வில் ஆலன். கறுப்பினத்து உழவர் குடியில் பிறந்தவர். கூடைப்பந்து ஆட்டக்காரராக இருந்தவர். 1993இல் நகரத்துக்குள்ளேயே நலிந்து கிடந்த பசுங்குடில்களை வாங்கினார். அருகில் ஏழையர் வாழும் அரசுக் குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து வந்த பிள்ளைகளுக்கு உரம் செய்வதிலிருந்து பாடம் தொடங்கிற்று. கடைகள் கழித்த காய்கனி, பீர் வடிப்பகங்களின் தவசச் சக்கை, மரச்சீவல் ஆகியவை குவியலாக மக்கின. மண்புழு அவற்றை உரமாக்கிற்று. மில்வாக்கியின் கடும்பனியில், மக்கும் குவியலின் சூட்டையே பசுங்குடிலுக்குக் கணப்பாக்கினார். மீன்தொட்டி நீரைப் பாத்திக்கு ஏற்றிப் பயிர் அதன் கசடை உண்ண, தெளிந்த நீரை மீண்டும் தொட்டிக்கு விட்டார். நூலறிவு மிக்கார் ஏட்டில் வரையும் சுழற்சியை அப்பிள்ளைகள் கையால் தொட்டு அறிந்தனர். 2008இல் மக்கார்த்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. உலகெங்கணும் இருந்து பார்வையாளர் வந்தனர்.

2017இல் அந்நிறுவனம் கடன் சுமையால் மூடப்பட்டது.

இதனைச் சுட்டி, நகரத்துத் தோட்டமெல்லாம் வெறும் கனவு என்று நகைப்போர் உளர். அந்நகைப்பு பொருந்தாது. நன்கொடையைத் தூணாக நிறுத்திய வீடு, தூண் தளர்ந்தால் சாயும். சாய்ந்தது வீடேயன்றி, அதில் வாழ்ந்தோர் கற்ற தொழிலன்று. அவர் மகள் எரிக்கா ஆலன் அதே ஆண்டு சிக்காகோவில் மற்றொருவருடன் சேர்ந்து நகர்ப்புற உழவர் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அங்கு இளைஞர்க்கு ஊதியம் உண்டு. இதுவே கருதத்தக்கது. இளைஞரை மண்வெட்டியோடு நிறுத்திப் படம்பிடித்து, அப்படத்தைக் காட்டிப் பணம் திரட்டி, அவர்க்குச் சான்றிதழ் மட்டும் கொடுத்தனுப்பும் வழக்கம் எந்நாட்டில் நடந்தாலும் இழிவே. உழைத்தவனுக்குக் கூலி, விளைவில் பங்கு, விற்பனைக் கணக்கைப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் இல்லாத பயிற்சியைப் பயிற்சி என்று அழைத்தல் சொல்லுக்கே இழுக்கு.

சொல் என்றவுடன் ஒன்று. ஊரார்க்குப் பொதுவான நிலத்தைக் குறிக்கச் செருமானியரிடம் ‘அல்மெண்டே’ என்னும் பழஞ்சொல் உண்டு. பெர்லின் தோட்டத்தார் அச்சொல்லை மீண்டும் எடுத்து வழங்கினர். தமிழரிடம் மந்தைவெளி உண்டு, மன்று உண்டு, புறம்போக்கு உண்டு. வரி விதிக்கப்படாது ஊர்ப்பொதுவுக்கென ஒதுங்கிய நிலத்தின் பெயராகிய புறம்போக்கு, இன்று தமிழன் வாயில் வசைச்சொல்! பொதுநிலத்தின் பெயரை வசையாக்கிக்கொண்ட இனம் அந்நிலத்தைக் காக்குமென்று எவ்வாறு நம்புவது? ‘கம்யூனிட்டி கார்டன்’ என்று பலகை மாட்டுவோர் ‘ஊர்த்தோட்டம்’ என்று எழுதினால், ஊர் என்பது யார், அந்நிலம் யாருடையது என்னும் வினாவாவது எழும்.

பெர்லினில் அவ்வினா எழுந்தது. 2012இல் அந்நிலத்தை விற்க நகர ஆட்சி முற்பட்டபோது 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்; விற்பனை நின்றது. ஆயினும் குத்தகை நிலையாகவில்லை. தொடங்கியோர் 2019இன் இறுதியில் நோய்கோல்ன் பகுதியில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் பெயர்ந்தனர். மற்றொரு குழுவினர் மோரிட்சு சதுக்கத்திலேயே தங்கினர். பெட்டிகளைத் தூக்கிச் செல்லலாம் என்று பத்தாண்டுக்கு முன் பெருமையாகக் கூறப்பட்ட இடத்தில், தங்கியோர் முன்வைத்த கோரிக்கை 99 ஆண்டுக் குத்தகை.